முப்பத்தாறு அடிக் கிணறும் மூடிய வாயும்: ஒரு ஸ்கூபா விபத்தின் ஆய்வு

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. கிணற்றில் குதித்து, தரையைத் தொட்டு, ஒரு பிடி மண்ணோடு மேலே வர வேண்டும். கையை விரித்து மண்ணைக் காட்டினால்தான் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதைச் செய்யாமல் வளர்ந்த ஆண்பிள்ளைகள் என் தலைமுறையில் குறைவு. நானும் செய்திருக்கிறேன். அந்தப் பரீட்சை உடம்புக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம்தான் என் அக்கா மகனை அன்றைக்குச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது.

நான் புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது முதுகில் கட்டிய சிலிண்டரின் காற்றைச் சுவாசித்தபடி நீரில் மூழ்கும் கலை, கற்றுத்தருகிறவன். சம்பவம் நடந்தபோது நான் ஊரில் இல்லை. கைபேசியில் எடுத்த காணொளி, சிலிண்டரின் அளவுமானி, மருத்துவமனைப் படங்கள், அங்கே இருந்தவர்கள் சொன்னது, பிறகு அவனே சொன்னது ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

நடந்தது

மாசி மாதக் கடைசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் அக்கா வீட்டுக்காரர்களின் தோட்டம். அங்கே செம்புராங்கல் கட்டிய பழைய கிணறு. அகலமான கிணறுதான். தரைமட்டத்திலிருந்து 5 மீட்டர் கீழே தண்ணீர் தெரியும். தண்ணீரின் ஆழம் 11 மீட்டர், ஊர்க்கணக்கில் 36 அடி. நீர்மூழ்கி மோட்டாரின் கயிறு அறுந்து மோட்டார் அடியில் கிடந்தது. முங்கி எடுப்பவரிடம் சொல்லியிருந்தார்கள், அவர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

பையனுக்கு வயது 22. அதற்கு முன் இரண்டு முறை கடலில் ஸ்கூபா செய்திருக்கிறான். இரண்டும் சுற்றுலாப் பயணிகளை ஒருநாள் அழைத்துப் போவார்களே, அந்த வகை. பயிற்சியாளர் பின்னால் இருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்வார். காற்றுச் சட்டையின் (காற்றை நிரப்பினால் மேலே தூக்கும், திறந்துவிட்டால் இறக்கும் மேலுடை) பொத்தானை அவரே அழுத்துவார், அவரே இறக்குவார், அவரே ஏற்றுவார். நாம் மீனைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டால் போதும். அதில் தவறில்லை, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு ‘எனக்கு ஸ்கூபா தெரியும்’ என்று சொல்வது, பேருந்தில் மதுரை போய்விட்டு எனக்குப் பேருந்து ஓட்டத் தெரியும் என்று சொல்வதைப் போன்றது.

தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு செட் கிடைத்தது. 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர், அதன் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், காற்றுச் சட்டை, 6 கிலோ ஈயம் கோத்த இடுப்பு பெல்ட். சான்றிதழ் இருக்கிறதா என்று கொடுத்தவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. செவ்வாய்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், நானே எடுத்துத் தருகிறேன் என்று இறங்கிவிட்டான்.

முற்பகல் பதினொன்றரை மணி. அவனுடைய சித்தப்பா மகன் மேலே நின்று கைபேசியில் படம் எடுத்தான். அந்தக் காணொளி இருந்ததால்தான் விநாடிக் கணக்கு வரைக்கும் என்னால் சொல்ல முடிகிறது. தலை தண்ணீருக்குள் போனதிலிருந்து மறுபடி வெளியே வந்ததுவரை 5 நிமிடம் 40 விநாடி.

மேலே வந்தவன் மோட்டாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இருமினான். நுரையில் இரத்தம் கலந்திருந்தது. சித்தப்பா மகன் குதித்துப் பிடித்துக்கொண்டான். கிணற்றுப் படியில் அவனால் ஏற முடியவில்லை. கயிற்றுக் கட்டிலை இறக்கி, அதில் கட்டி மேலே தூக்கினார்கள். பேச்சு மூக்கடைத்தவன் குரல்போல இருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்றான். அவனுடைய அப்பத்தா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“என்னடா இது, தோலுக்கடியில அப்பளம் மாதிரி நொறுநொறுங்குது?”

அக்கா போனில் இதைச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் பாடத்தில் இருக்கும் அடையாளம் அது, கிட்டத்தட்ட அதே வார்த்தையில். நுரையீரல் கிழிந்து வெளியேறிய காற்று, மார்புக்குள் மேலே ஏறிக் கழுத்துத் தோலுக்கடியில் வந்து தங்கியிருக்கிறது.

குமிழி நின்ற 18 விநாடி

காணொளியில் தண்ணீர்ப் பரப்புதான் தெரிகிறது. பச்சை கலந்த செம்மண் நிறம். அதில் கொத்துக் கொத்தாகக் குமிழிகள் வந்து உடைகின்றன. ஒவ்வொரு கொத்தும் அவன் விட்ட ஒரு மூச்சு. முதலில் நிதானமாக வருகிறது. மூன்றாவது நிமிடத்துக்கு மேல் கொத்துகள் நெருங்குகின்றன, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொதிப்பதுபோல் வருகின்றன. சரியாக 5 நிமிடம் 22 விநாடியில் நின்றுவிடுகின்றன. தண்ணீர் அமைதியாகிறது. அந்த அமைதி 18 விநாடி. அப்புறம் தலை.

இந்த 18 விநாடியை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். அவன் மேலே வந்துகொண்டிருக்கிறான், ஆனால் மூச்சு விடவில்லை. வாயை மூடிக்கொண்டு வருகிறான்.

பிறகு மருத்துவமனையில் கேட்டேன், ஏன்டா மூச்சை அடக்கினாய் என்று. அவன் சொன்னது: “மேலதான போறோம் மாமா, கொஞ்ச நேரம் மூச்சப் பிடிச்சுக்கிட்டாப் போதும்னு நெனச்சேன்.”

வாயில் ரெகுலேட்டர் இருந்தது. சிலிண்டரில் காற்றும் தாராளமாக இருந்தது. பயம் வந்த நொடியில் உடம்பு சிறுவயதில் கற்றதைச் செய்தது: வாயை இறுக்கு, காலை உதை, மேலே போ. மண் எடுக்கும் பரீட்சையில் அது சரியான செயல். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவனுக்கு அது உயிரை எடுக்கும் செயல். இரண்டும் ஏன் இவ்வளவு வேறு என்பதுதான் இந்த ஆய்வின் மையம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தரையில் நிற்கும்போதே நம் மேல் ஒரு வளிமண்டலத்தின் எடை அழுத்துகிறது. கடல்நீரில் 10 மீட்டர் இறங்கினால் இன்னொரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடும். நன்னீர் சற்று இலேசு, அதனால் 10.3 மீட்டர் வேண்டும். ஆக, 11 மீட்டர் கிணற்றின் அடியில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கனஅளவு பாதியாகும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம்.

மண் எடுக்கப் போகும் பையன் மேலேயே 5 லிட்டர் மூச்சை இழுத்துக்கொண்டு முங்குகிறான். அடியில் அது இரண்டரை லிட்டராகச் சுருங்குகிறது. மேலே வரும்போது மறுபடி 5 லிட்டராக விரிகிறது. கொண்டுபோனதைத்தான் திரும்பக் கொண்டுவருகிறான். எவ்வளவு வேகமாக வந்தாலும், வாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும், நுரையீரல் அதன் பழைய அளவைத் தாண்டாது. மன்னார் வளைகுடாவில் கயிற்றில் கட்டிய கல்லின் கனத்தோடு இறங்கி முத்துக் குளித்தவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுக்கு வேறு ஆபத்துகள் இருந்தன, இந்த ஆபத்து இல்லை.

ரெகுலேட்டர் வேறு வேலை செய்கிறது. 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய கருவியின் அருமையே இதுதான்: நாம் எந்த ஆழத்தில் இருக்கிறோமோ, அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கே காற்றைத் தரும். அதனால்தான் அடியிலும் நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க முடிகிறது. ஆக, கிணற்றின் அடியில் அவன் நுரையீரலில் இருந்தது முழு 5 லிட்டர், இரு மடங்கு நெருக்கிய காற்று. வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். 10 லிட்டருக்கு நெஞ்சில் இடம் இல்லை.

இதை என் மாணவர்களுக்கு ஒரு கடைப் பையால் காட்டுவேன். சாதாரணக் காய்கறிப் பை, மெல்லிசு. கடலில் 10 மீட்டரில் ரெகுலேட்டரிலிருந்து அதில் காற்று விட்டு, முக்கால் பை நிறைந்ததும் வாயை முடிச்சுப் போட்டு, நூலில் கட்டி மெல்ல மேலே விடுவேன். முதலில் சுருக்கம் எல்லாம் நீங்கும். பிறகு பை பளபளவென்று விறைத்துக்கொள்ளும். நான்கைந்து மீட்டர் ஏறியதும் ஓரத் தையலில் ஒரு வெள்ளைக் கோடு விழும். அடுத்த நொடி படக்கென்று பிரிந்து குமிழிகள் சிதறும். யாரும் அப்போது எதுவும் பேச முடியாது, தண்ணீருக்குள் இருக்கிறோம். ஆனால் முகமூடிக்குள் கண்கள் பெரிதாவதைப் பார்ப்பேன்.

எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. “கிணறுதானே, நாற்பது அடிகூட இல்லை” என்று அன்றைக்கு அங்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். கடலில் 30 மீட்டரிலிருந்து 20-க்கு வந்தால் அழுத்தம் 4-இலிருந்து 3 ஆகிறது. காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடும். 10-இலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்காகிறது. அதாவது காற்று மிக வேகமாக விரியும் இடம், மேலே இருக்கும் கடைசிப் பத்து மீட்டர். அந்தக் கிணறு முழுவதும் அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான். நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் ஏறினாலே நுரையீரல் காயப்படலாம். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம் போதும் அதற்கு.

எடை

ஏன் பயந்தான்? காரணம் இடுப்பில் இருந்தது.

6 கிலோ ஈயம் என்பது கடலில் அவனுக்குப் போட்ட அளவு. அந்த எண்ணை நினைவில் வைத்திருந்தான். கடலில் அவன் உடம்பில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் என்ற ரப்பர் உடை இருந்தது. அந்த ரப்பருக்கு மிதக்கும் குணம் உண்டு, ஏறத்தாழ 2 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். கிணற்றில் அவன் போட்டிருந்தது டி-சர்ட்டும் அரைக்கால் சட்டையும். இது ஒன்று. இன்னொன்று உப்பு. அவனும் கருவிகளும் சேர்ந்து 100 லிட்டர் தண்ணீரை விலக்குவதாக வைத்துக்கொள்வோம். கடல்நீராக இருந்தால் அது 102.5 கிலோ, கிணற்று நீராக இருந்தால் 100 கிலோ. விலக்கிய நீரின் எடைதான் மேலே தூக்கும் விசை. ஆக, கடலை விட்டுக் கிணற்றுக்கு வந்ததிலேயே இரண்டரை கிலோ தூக்கும் விசை போய்விட்டது. இரண்டையும் கூட்டினால் அவன் நாலரை கிலோ அதிக எடையோடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறான்.

இறங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, விழுந்தான். அரை நிமிடத்துக்குள் தரை.

விழும் வழியில் காது. வெளியே அழுத்தம் கூடக் கூட, செவிப்பறைக்கு உள்பக்கமும் அதே அளவு காற்றைச் சேர்க்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறக்கும். வலி வருமுன், ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்ய வேண்டிய காரியம் இது. வலி வந்துவிட்டால் ஊதக் கூடாது. கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். நாலரை கிலோ இழுத்துக்கொண்டு போகிறவன் எங்கே நிற்பது, எங்கே ஏறுவது? கிணற்றுக்குள் ஒரு கயிறு தொங்கியிருந்தால் அதைப் பிடித்து நின்றிருப்பான். தோட்டத்தில் கயிற்றுக்கா பஞ்சம்! பம்ப்செட் அறை நிறையக் கயிறு கிடந்தது. இறங்குவதற்கு ஒரு கயிறு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இடது செவிப்பறை கிழிந்தது. குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குள் புகுந்தால் சமநிலை உறுப்பு குழம்பிவிடும். உலகமே சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. “மோட்டார் மேல உக்காந்திருந்தேன் மாமா, ஆனா தலைகீழாத் தொங்குற மாதிரி இருந்துச்சு” என்றான். அவன் விழுந்த வேகத்தில் அடியில் படிந்திருந்த செம்மண் சேறு கிளம்பி, கண்ணுக்கு முன் வைத்த கைகூடத் தெரியவில்லை. இதற்கு மேல் யாருக்குத்தான் பயம் வராது?

பயத்தின் அளவைச் சிலிண்டர் சொல்கிறது. காரின் பின்பெட்டியில் வெயிலில் கிடந்தபோது அளவுமானி 195 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) காட்டியிருக்கிறது. தண்ணீருக்குள் போய்ச் சில நிமிடத்தில் 180-க்கு அருகே வந்திருக்கும். சூட்டில் அழுத்தம் ஏறியிருந்த காற்று குளிர்ந்ததால் வந்த இறக்கம் அது. (சித்திரை வெயிலில் சிலிண்டரைக் காருக்குள் விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.) வெளியே எடுத்தபோது 130 இருந்தது. ஆக, மூச்சில் போனது 50 பார், 11 லிட்டர் சிலிண்டரில் அது 550 லிட்டர் காற்று. 5 நிமிடம் 40 விநாடி, இரு மடங்கு அழுத்தம் என்று வகுத்தால், தரைக்கணக்கில் நிமிடத்துக்கு 45 லிட்டருக்கு மேல் மூச்சு வாங்கியிருக்கிறான். நிதானமாக இருக்கும் ஒருவருக்கு 15 முதல் 20 லிட்டர் போதும்.

கடைசியில் கைக்கு அகப்பட்டது காற்றுச் சட்டையின் பொத்தான். விடாமல் அழுத்தினான். நாலரை கிலோவைத் தூக்கச் சட்டைக்குள் நாலரை லிட்டர் காற்றாவது வேண்டும். அது நிறைந்து உடம்பு தரையை விட்டுக் கிளம்பியதும் அந்தக் காற்றும் விரியத் தொடங்கியது. விரிய விரிய வேகம் கூடியது. 11 மீட்டரை 18 விநாடியில் கடந்தான். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று கற்றுத்தருகிறோம். அப்படி வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவன் வந்தது நான்கு மடங்கு வேகம். ஏறும்போது சட்டையின் காற்றைத் திறந்துவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. கடலில் அதைச் செய்தது வேறொருவருடைய கை.

பெல்ட்டின் கொக்கியை இழுத்திருந்தால் ஈயம் அடியிலேயே விழுந்திருக்கும். அதையும் யாரும் அவனுக்குக் காட்டியதில்லை.

போனில் சொன்னது

அக்காவிடம் மூன்று விஷயம் சொன்னேன். மல்லாக்கப் படுக்க வையுங்கள், உட்கார வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், கை கால் அசைவும் பேச்சும் பார்வையும் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

மூன்றாவதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கிழிந்த நுரையீரலிலிருந்து காற்று இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் இதயம் வழியாக மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்: மயக்கம், ஒரு பக்கம் செயலிழப்பு, வலிப்பு. அதற்கு வைத்தியம் ரீகம்ப்ரஷன் சேம்பர், அதாவது நோயாளியை உள்ளே வைத்து மறுபடி அழுத்தம் ஏற்றும் அறை. காரைக்குடியில் அது கிடையாது. அந்தப் பத்து நிமிடம் நான் போனில் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் வந்துகொண்டிருந்தது.

மருத்துவமனையில் முதலில் தண்ணீர் குடித்துவிட்டான் என்றே பார்த்திருக்கிறார்கள். கிணற்றில் நடந்தது என்றால் யாருக்கும் அதுதான் தோன்றும். போனைப் பணி மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லி, “இவன் நெருக்கிய காற்றை 11 மீட்டர் ஆழத்தில் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கி மேலே வந்தவன்” என்று ஒரே வாக்கியமாகச் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். எக்ஸ்ரேயில் இதயத்தைச் சுற்றியும் கழுத்திலும் காற்று தெரிந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். ஆக்சிஜன், ஓய்வு, கண்காணிப்பு. நான்கு நாளில் வீட்டுக்கு வந்தான். காது ஆற ஆறு வாரம் ஆனது. நெஞ்சுப் படத்தைப் பார்த்த நிபுணர், இனி சிலிண்டரோடு தண்ணீருக்குள் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நைட்ரஜன்

ஊரில் பலர் என்னிடம் “இரத்தத்தில் நைட்ரஜன் ஏறிடுச்சாமே” என்று கேட்டார்கள். அது வேறு நோய். கோலி சோடாவை உடைத்ததும் பொங்குமே, அதுபோல ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர் உடம்பில் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் குமிழியாகும். அதற்கு ஆழமும் நேரமும் வேண்டும். புகழ்பெற்ற ஒரு பயிற்சி அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம் என்று எல்லை போட்டிருக்கிறது. 11 மீட்டரில் ஐந்தரை நிமிடம் இருந்தவனுக்கு அது காரணம் இல்லை. ஆனாலும் கடலில் முங்கிவிட்டு அன்றைக்கே கொடைக்கானலுக்கு வண்டி ஏறும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: மலையில் காற்றழுத்தம் குறைவு, மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். விமானத்துக்குச் சொல்லும் 12 முதல் 18 மணி நேர இடைவெளியை மலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு என்பதால் இன்னொன்றும். பழைய, குறுகலான கிணறுகளில் தண்ணீர்ப் பரப்புக்கு மேலேயே கெட்ட காற்று தங்கியிருக்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனம். மேலே வந்துவிட்டோம் என்று ரெகுலேட்டரைக் கழற்றினால் அங்கேயே மயங்கலாம். அந்தக் கிணறு அகலமாக இருந்ததால் தப்பித்தான்.

பிறகு

செவ்வாய்க்கிழமை முங்கி எடுப்பவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவி மோட்டார் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூன்று முங்கில் கட்டி முடித்தார். ஒவ்வொரு முறையும் வாயை இறுக்க மூடிக்கொண்டுதான் மேலே வந்தார். அவருக்கு அது சரி.

இப்போது என் வகுப்பில் முதல்நாள் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: கிணற்றில் மண் எடுத்தவர்கள் யார்? சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பெருமையாகக் கை தூக்குவார்கள். அவர்களைத் தனியாகக் குளத்துக்கு அழைத்துப் போகிறேன். ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு, ‘ஆ’ என்று விடாமல் ஒலியெழுப்பியபடியே இரண்டு மீட்டரிலிருந்து மேலே வர வேண்டும். சத்தம் போடும்போது தொண்டை திறந்திருக்கும், காற்று தானாக வெளியேறும். முதல் பத்து முறை பாதியில் வாய் மூடிக்கொள்ளும், பழக்கம் அப்படி. நான் பக்கத்திலேயே ஏறிவருவேன், கண் அவர்கள் உதட்டோரத்துக் குமிழியில் இருக்கும். அது நின்றால் தோளைப் பிடித்து நிறுத்திவிடுவேன். திரும்பக் கீழே போய் மறுபடி.